நூல் கட்டிய மாம்பழம்

எங்கள் கம்பெனியில் ஒருவர் முன்னேறிவிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. சட்டையைப் பார்த்தால் போதும். மெஷினில் நிற்பவனுக்கு நீலச் சட்டை. மெஷினில் நிற்பவனைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு வெள்ளைச் சட்டை. நீலத்தில் எண்ணெய்க் கறை தெரியாது, வெள்ளையில் தெரிந்துவிடும் என்பதால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் மெஷின் பக்கம் அதிகம் வருவதில்லை. அதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஷாஃப்ட் செய்து கொடுக்கும் கம்பெனி அது. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஊரில் தீப்பெட்டியையும் வெயிலையும் விட்டால் வேறு பிழைப்பில்லை என்று டிப்ளமோவை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். வந்த புதிதில் ஒரு கிரைண்டிங் மெஷினில் நிற்க வைத்தார்கள். இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.

வெள்ளைச் சட்டை மீது எனக்கு ஆசை வந்தது சட்டைக்காக அல்ல. எங்கள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்களுக்கு ஜெனரல் ஷிப்டு. காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம். நீலச் சட்டைகளுக்கு மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். என் மனைவிக்கு உத்தனப்பள்ளிப் பக்கம் ஃபோன் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. அவளுக்கும் ஷிப்டுதான். மகள் பள்ளிக்கூடம் போகிறவள், வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதால் நாங்களே கேட்டு எதிரெதிர் ஷிப்டாக வாங்கிக்கொண்டோம். அவள் பஸ் வந்து நிற்கும்போது என் பஸ் கிளம்பும். இராயக்கோட்டை சாலையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் லாரிகள். "மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு", "கேஸ் சொல்லியாச்சு", "பிள்ளைக்கு இருமல்". எங்கள் தாம்பத்தியம் இவ்வளவுதான். அதையும் கத்திச் சொல்ல வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை விசேஷமாகிவிட்டது. எனக்கு அந்தச் சாப்பாடு தினமும் வேண்டும். அதற்குக் கம்பெனி வைத்திருந்த ஒரே வழி வெள்ளைச் சட்டை.

அந்த வருஷம் மே மாதத்தில் எங்கள் லைன் சூப்பர்வைசர் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். நாற்காலி காலியானது. பதவி உயர்வு அறிவிப்பு ஜூலையில் வரும். என் பெயர்தான் வரும் என்று நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. நான் லீவு போடாதவன். என் மெஷினை வேறு யாரும் தொட விடாதவன். எப்போதாவது காய்ச்சலில் நான் வராவிட்டால் லைனே தள்ளாடும். அதை எல்லோரும் சொல்லும்போது உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துபோகும்.

அடுத்த மெஷினில் நின்ற அண்ணன் ஒருவர் என் நம்பிக்கையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். காவேரிப்பட்டினத்துக்காரர். அவர் ஒரு தடவைகூடப் பதவி உயர்வு பெற்றதில்லை. ஆனால் பதவி உயர்வு பெறுவது எப்படி என்று கம்பெனியில் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள்.

"வேல செஞ்சா யாருப்பா புரமோசன் குடுக்கறான்? வேல செஞ்சா இன்னும் கொஞ்சம் வேல குடுப்பான். மாம்பழம் குடுத்தியா நீயி?"

அப்போதுதான் எங்கள் கம்பெனியின் எழுதப்படாத சட்டம் எனக்கு முழுதாக விளங்கியது. ஜூன் மாதம் மாம்பழ மாதம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் அந்த மாதத்தில் மேனேஜர் வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். லஞ்சமா என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். கடையில் வாங்கிக் கொடுத்தால்தான் அது லஞ்சம். சொந்தத் தோட்டத்துப் பழமாக இருந்தால் அது பாசம். இந்தப் பாசத்தைக் காட்டியவர்களில் யார் யாருக்கு வெள்ளைச் சட்டை கிடைத்தது என்று அண்ணன் விரல் விட்டுச் சொன்னார். கொடுத்தும் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஒருவர் கொடுத்ததில் புழு. இன்னொருவர் அல்போன்சா கொடுக்க வேண்டிய இடத்தில், கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூராவைக் கொடுத்துவிட்டார்.

"அப்ப நீங்க ஏண்ணே குடுக்கல?"

"எங்க ஊட்ல தக்காளிப்பா," என்றார் வருத்தத்தோடு. "தக்காளி குடுத்து எவனாவது சூப்பர்வைசர் ஆயிருக்கானா?"

எங்கள் ஊரில் எங்களுக்கு இருந்தது நாலு கருவேல மரம். என் மாமனார் அருப்புக்கோட்டையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் வீட்டில் பச்சையாக இருப்பது மாடியில் வைத்த துளசித் தொட்டி மட்டும். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்துக் கடையில் நல்ல அல்போன்சாவாக ஒரு பெட்டி வாங்கினேன். கடைக்காரர் வைத்திருந்த காகிதத்தை எடுத்துவிட்டு வைக்கோல் பரப்பினேன். அப்போதும் அது கடைப்பழமாகவே தெரிந்தது. தெருக்கோடியில் ஒரு மாமரம் இருந்தது. அதிலிருந்து இலைக்கொத்துகள் பறித்து வந்து, மேல்வரிசைப் பழங்களின் காம்பில் ஒவ்வொன்றாக நூலால் கட்டினேன். வீட்டில் பச்சை நூல் இல்லை. சட்டைப் பொத்தான் தைக்க வைத்திருந்த நீல நூல்தான் இருந்தது.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இம்புட்டு வேலைக்கு அந்த ஆளுகிட்ட நேராப் போயி, ஜெனரல் ஷிப்டு வேணும்னு வாயத் தொறந்து கேட்டாத்தான் என்ன?"

கேட்பதாவது! கேட்டு வாங்கினால் அதில் என்ன மரியாதை இருக்கிறது என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். நூல் முடிச்சை வாயால் இறுக்கிக்கொண்டே நடத்தினேன்.

எங்கள் மேனேஜர் பெங்களூர்க்காரர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் இங்கிலீஷ், எங்களோடு எல்லாம் கலந்த தமிழ். பெட்டியைக் கொடுத்து, அண்ணன் பேச்சில் அடிக்கடி வரும் ஓர் ஊரைச் சேர்த்து, "மாமனார் தோட்டத்துப் பழம் சார், நாகரசம்பட்டி," என்றேன். அருப்புக்கோட்டைக் கண்டக்டர் தமக்கே தெரியாமல் ஒரு மாந்தோப்புக்குச் சொந்தக்காரர் ஆனார். மேனேஜர் பெட்டியை வாங்கிக்கொண்டு என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலிலேயே சட்டை வெளுத்துவிட்டதாக எனக்குப் பட்டது.

அடுத்த வாரம் அவரே என் மெஷினுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை அவ்வளவு தூரம் வந்ததால் லைனே திரும்பிப் பார்த்தது.

"பழம் பாள சென்னாகித்து, ரொம்ப நல்லா இருந்தது. என் மிஸஸ்க்கு உங்க மாமனார் தோட்டம் பாக்கணுமாம். ஞாயித்துக்கிழமை வர்றோம், ஆய்த்தா, சரியா?"

ஆய்த்து என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மெஷினை விட்டுவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு ஷாஃப்ட் வீணாய்ப் போனது.

காவேரிப்பட்டினத்து அண்ணன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. நாகரசம்பட்டியில் அவருடைய சித்தப்பாவுக்கு நிஜமாகவே தோப்பு இருந்தது. "எங்க சித்தப்பாவ ஒருநாளைக்கு மாமனார்னு கூப்புட்டுட்டுப் போ. உனுக்கு இன்னா குறைஞ்சா போயிடும்?" என்றார். சித்தப்பா ஃபோனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாப்ளன்னு வந்துட்டு அப்பறம் சீரு கீரு கேக்க மாட்டானே?"

மனைவிக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறை அந்த ஞாயிறுதான். துவைக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, முன்பின் பார்த்திராத அப்பா வீட்டுக்கு என்னோடு வந்தாள். வழியில் மகளிடம், "அங்க இருக்கற தாத்தாவத் தாத்தான்னு கூப்பிடணும்," என்று சொல்லி வைத்தேன். "எந்தத் தாத்தாவையும் தாத்தான்னுதானே கூப்பிடுவாங்க?" என்றாள் அவள். குடும்பத்தில் பதற்றமில்லாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

சித்தப்பா வேஷத்தில் முழுதாக இறங்கிவிட்டார். மேனேஜர் காரை விட்டு இறங்கியதுமே மாமனார்களுக்கே உரிய குரலில் ஆரம்பித்தார்.

"தோ பாருங்க சார், இந்தாள நம்பித்தான் பொண்ணக் குடுத்தன். கல்யாணத்தப்பவும் நீலச் சட்ட, இன்னிக்கும் நீலச் சட்ட. எம் பொண்ணு எளச்சிப் போயிட்டா பாருங்க."

நான் அப்படியெல்லாம் பேசச் சொல்லவில்லை. ஆனாலும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சொந்த மாமனார் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்ததை இந்த ஆள் வெளியே சொல்வதுபோல் இருந்தது.

தோப்பில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மேனேஜரின் மனைவி கோலார் பக்கம் சீனிவாசபுரத்தில் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் என்பது எனக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. அவர் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே போய், தாழ்ந்த கிளையில் ஒரு பழத்தைப் பறிக்கக் கை நீட்டினார். எங்கிருந்தோ காவலாளி ஓடி வந்தார்.

"ஏய், யாரும்மா அது? கை வெக்காதீங்க! குத்தக எடுத்தவரு வந்தா என் தோல உரிச்சிடுவாரு!"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். தோப்பை அவர் பூப் பூத்தபோதே ஒரு வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தில் முக்கால்வாசித் தோப்புகளுக்கும் அதுதான் வழக்கம். பூவைப் பார்த்து விலை பேசி முடித்துவிடுவார்கள். அதன்பிறகு காய்த்தாலும் உதிர்ந்தாலும் வியாபாரி பாடு. தோப்புக்காரரே ஒரு பழம் பறிக்கக் கூடாது. எனக்கு இது தெரியாது. காவேரிப்பட்டினத்து அண்ணனுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேனேஜரின் மனைவி கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க ஊர்லயும் இப்டித்தான், பூவிலயே குடுத்துடுவாங்க. குத்தகைக்கு விட்ட தோட்டத்துல இருந்து உங்களுக்குப் பெட்டி எப்டி வந்துச்சு? அது சரி, எங்க ஊர் மரத்துல இலை தானாவே ஒட்டிக்கும். உங்க மாமனார் மரத்துலதான் நீல நூல்ல கட்டி இருக்கு. அந்த மரம் எதுன்னு பாக்கத்தான் வந்தேன்."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். சித்தப்பா தென்னையைப் பார்த்தார். நான் எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி பேசிவிட்டாள்.

"எங்களுக்குத் தோட்டமே கெடையாது சார். இவுக எங்க அப்பாவும் இல்ல. எங்க அப்பா அருப்புக்கோட்டைல இருக்காக. பழம் பைபாஸ்ல வாங்குனது, நூல் எங்க வீட்டு நூலு. இவருக்கு ஜெனரல் ஷிப்டு வேணும். ராத்திரி மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். அம்புட்டுத்தான். அத வாய்விட்டுக் கேக்க இவருக்குக் கூச்சம்."

எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் பாதி. மீதி, அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்பதை இவ்வளவு நாளும் அவள் வாயால் நான் கேட்டதே இல்லை என்பதால்.

மேனேஜர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் காவலாளியின் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லப்பா, பாய் இல்வா உனக்கு? வாய் இல்லியா? கேக்கறதுக்கென்ன?" என்றார். பிறகு, "புரமோஷன் லிஸ்ட் பிப்ரவரிலயே ஹெட் ஆபீஸ் போயிடும். ஜூலைல அறிவிக்கறதோட சரி. நடுவுல நான் நினைச்சாலும் ஒரு பேர் மாத்த முடியாது," என்றார்.

"அப்ப மாம்பழம்?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அதான் எனக்கும் புரியலே. வருஷா வருஷம் இத்தன பேர் கொண்டாந்து குடுக்கறாங்க. எல்லாரும் என் மேல அன்பா இருக்காங்கன்னு நெனச்சேன்."

அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. எங்கள் கம்பெனியில் எத்தனையோ பேர் பதவி உயர்வு கிடைக்காமல் நொந்து போனதைப் பார்த்திருக்கிறேன். மேனேஜர் ஒருவர் நொந்து போய் அன்றுதான் பார்த்தேன். அவர் மனைவி அவர் தோளில் கை வைத்தார்.

சித்தப்பா மட்டும் தெளிவாக இருந்தார். "எங்க தோப்பு மாதிரிதான் இருக்குது உங்க கம்பெனியும். பூவுலயே முடிச்சிடறீங்க. இவனுங்க பழத்தத் தூக்கிட்டு வரானுங்க."

கிளம்பும்போது மேனேஜர் என்னைத் தனியாக அழைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னார். என் பெயரை எழுத அவர் நினைத்தாராம், முடியவில்லையாம். என்னை எடுத்துவிட்டால் அந்த கிரைண்டிங் மெஷினில் நிற்க வேறு ஆள் கிடையாது. நான் யாரையும் தொட விட்டதில்லை. "உன் இடத்துக்கு ஒருத்தன ரெடி பண்ணு. ஜனவரில என்கிட்ட வந்து கேளு. வேற ஒண்ணும் வேணாம்," என்றார். இத்தனை வருஷம் எதை என் பெருமை என்று தூக்கிக்கொண்டு அலைந்தேனோ அதுதான் என்னை அந்த மெஷினோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தது.

இந்த உபதேசத்தை நான் தலை குனிந்து கேட்டேன். என் மனைவி தலை நிமிர்ந்து கேட்டிருக்கிறாள்.

ஜூலையில் எங்கள் லைனுக்கு வேறொருவர் சூப்பர்வைசராக வந்தார். அவர் மாம்பழமே கொடுக்காதவர். காவேரிப்பட்டினத்து அண்ணன் அதற்கும் விளக்கம் கண்டுபிடித்தார்: பலாப்பழம் கொடுத்திருப்பார் என்றார்.

நான் பக்கத்து லைனில் இருந்த ஒருவருக்கு என் மெஷினைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வீட்டு நகையைக் கழற்றிக் கொடுப்பதுபோல வலித்தது. மனைவியோ தன் லைனில் தான் உட்காரும் இடத்துக்கு இரண்டு பெண்களைத் தயார் செய்துவிட்டு, ஜனவரியில் அவளுடைய மேனேஜர் முன்னால் போய் நின்று கேட்டுவிட்டாள். ஏப்ரலில் அவள் லைன் லீடர். ஜெனரல் ஷிப்டு. அவர்கள் கம்பெனியில் லைன் லீடருக்குச் சட்டை நிறம் மாறாது, தொப்பிதான் மாறும். அந்தத் தொப்பியை மகள் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு எனக்கு வேலை ஏவினாள்.

அதனால் எனக்கு முதல் ஷிப்டு வருகிற வாரங்களில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். முதல் நாள் ராத்திரி தோசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எதைப் பேசுவதென்று தெரியவில்லை. "மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு," என்றேன் பழக்கதோஷத்தில், கொஞ்சம் சத்தமாகவே. அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நானும் ஜனவரியில் போய்க் கேட்டேன். கதவைத் தட்டுவதற்கு முன் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். மேனேஜர், "நோடோணா, பாக்கலாம்," என்றார். சிரித்தாரா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பட்டியல் பிப்ரவரியில் போய்விட்டது. என் பெயர் அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஜூலையில்தான் தெரியும். இனிமேல் யாராலும் அதை மாற்ற முடியாது என்பது ஓசூர் சிப்காட்டிலேயே என்னைப் போல் தெரிந்தவர்கள் ஒரு சிலர்தான்.

போன வாரம் வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழம் வந்தது. எனக்கில்லை, மனைவிக்கு. அவள் லைனில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாளாம். "எங்க வீட்டுத் தோட்டத்துப் பழம்க்கா" என்றாளாம். நான் பெட்டியைத் திறந்தேன். வைக்கோல் இருந்தது. மேல்வரிசையில் இலைகள் பச்சைப் பசேலென்று இருந்தன. ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தேன். நூல் இல்லை. ஃபோன் கம்பெனி அல்லவா, இரண்டு பக்கமும் ஒட்டுகிற மெல்லிய டேப்.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. "இவளுக்கு என்ன வேணுமாம்?" என்றேன்.

"என்ன வேணும்? கைப்பிள்ளைக்காரி. புருசனுக்கும் ஷிப்டு. ஜெனரல் ஷிப்டுதான் வேணும்."

"உங்க கம்பெனி லிஸ்ட்டுந்தான் போயிருச்சே, அதச் சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா அவ பேர ஏப்ரல்ல நான் லீடர் ஆனதுமே எழுதிக் குடுத்துட்டேன். மாம்பழத்துக்கு முந்தியே."

அவள் அடுப்படிக்குப் போனாள். நான் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெரிந்தவன் நான். பட்டியல் போய்விட்டது தெரியும். பழத்தால் ஒன்றும் ஆகாது என்பது தெரியும். மேனேஜர் வீட்டம்மா சீனிவாசபுரத்துக்காரர் என்பதும் தெரியும். ஆனாலும் என் கை நல்ல பழமாகப் பார்த்து எடுத்து, ஒரு துணிப்பையில் தனியாக வைத்துக்கொண்டிருந்தது.

மனைவி திரும்பி வந்தவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"எதுக்கும் இருக்கட்டுமே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, பையில் அடிபட்டிருந்த ஒரு பழத்தை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து நல்லதாக ஒன்றைத் தேர்ந்து அந்த இடத்தில் வைத்தாள்.

"நூல் மட்டும் கட்டாதீங்க," என்றாள்.